டாங்கிப் படையில் இருந்த தாத்தா: போர்க்காலப் பணியைத் தேடும் வழி

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று வழி சொல்லப்படும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் ராணுவ முகாமும் கிடங்குகளும் எழுந்தன. பிறகு கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவச் சீருடைத் தொழிற்சாலையும் வந்தன. படையிலிருந்து திரும்பிய பலருக்கு இந்தப் பக்கம் வேலையும் வீடும் அமைந்தன. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளிவந்த பிறகு, டாங்கி இந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் பழகிய பொருளாகிவிட்டது. ‘எங்க தாத்தா வெள்ளைக்காரன் காலத்துலயே டாங்கிப் படையில இருந்தவரு’ என்ற பேச்சும் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பேச்சில் தொடங்கி, ஆதாரத்தோடு நிற்கும் வரலாறு வரை போவது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

தேடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் கவச ரெஜிமெண்டில் டாங்கி ஓட்டியவரும் சுட்டவரும் பிரிட்டனில் ஆளெடுக்கப்பட்டவர்கள். இங்கிருந்த ஆங்கிலோ இந்தியர் சிலர் பிரிட்டிஷ் படைப் பிரிவுகளில் சேர்ந்தார்கள். அவர்களுக்கான வழி தனி, பின்னால் வருகிறது. இந்தியப் படைவீரர்களுக்கு 1941 முதல் இந்தியக் கவசப் படை என்று தனி அமைப்பு இருந்தது. அதிலும் அன்று பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற வட பகுதிகளிலிருந்தே பெரும்பாலும் ஆளெடுத்தார்கள். 7ஆம், 16ஆம் லைட் கேவல்ரி ரெஜிமெண்டுகள் பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்தவை. 16ஆம் ரெஜிமெண்டின் வேர் ஆற்காடு நவாபின் படையில் இருக்கிறது; அது தன் பிறப்பை 1776 என்று கணக்கிடுகிறது. ஆனால் பர்மாவில் அது போரிட்டபோது அதன் வீரர்களில் பெரும்பாலோர் வடக்கத்தியர். தென்னிந்தியர் ரெஜிமெண்டாக அது மாறியது போருக்குப் பிறகுதான். எனவே ‘மதராஸ்’ என்ற பழம்பெயரைப் பார்த்ததும் தாத்தாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் வீட்டில் சொன்னது பொய்யா? பெரும்பாலும் இல்லை. ஒரு டாங்கி ரெஜிமெண்ட் போர்முனையில் ஒரு நாள் ஓட வேண்டுமானால், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான கைகள் வேலை செய்ய வேண்டும். 1944இல் இம்பாலில் போரிட்ட காரபினியர்ஸ் என்ற 3ஆம் டிராகூன் கார்ட்ஸ், பர்மாவின் அரக்கானில் போரிட்ட 25ஆம் டிராகூன்ஸ் ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள்தான். ஆனால் உடைந்த டாங்கியை இழுத்து வந்து பழுதுபார்த்த பட்டறைகளிலும், டாங்கியை ஏற்றிச் சென்ற பெரிய லாரிகளிலும், எரிபொருளும் குண்டும் சுமந்த வண்டிகளிலும் இந்தியர்கள் இருந்தார்கள். பழுதுபார்க்கும் வேலைக்கென்றே 1943 மே 1இல் இந்திய எலெக்ட்ரிகல் அண்ட் மெக்கானிகல் எஞ்சினியர்ஸ் (இன்றைய ஈ.எம்.இ.) பிறந்தது. போக்குவரத்தும் உணவும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரின் பொறுப்பு. உதிரிப்பாகமும் வெடிபொருளும் ஆர்டினன்ஸ் கோரின் பொறுப்பு. இந்தப் பிரிவுகளில் மதராஸ் மாகாணத்து ஆட்கள் ஏராளம். படிப்பும் கைத்தொழிலும் தெரிந்த தென்னிந்தியர்களைத் தேடித்தேடி எடுத்தார்கள்.

பாலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷெர்மன் டாங்கி 30 டன்னுக்கு மேல் எடை. பர்மாவில் ஆற்றுக்கு ஆறு பாலமோ மிதவையோ கட்டாமல் அது ஓர் அடி நகராது. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் போட்ட பெய்லி பாலம் 1,154 அடி நீளம். இத்தகைய வேலையில் பெயரெடுத்தவர்கள்தான் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர். படை முழுவதும் அவர்களைத் ‘தம்பிகள்’ என்றே கூப்பிட்டது. இன்னொரு கூட்டமும் உண்டு. இந்தியாவில் இருந்த ஒவ்வொரு பிரிட்டிஷ் ரெஜிமெண்டோடும் சமையல்காரர், சலவைக்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர் என்று இந்தியர்கள் முறையாகப் பதிவு பெற்று வேலை செய்தார்கள். போர்முனைக்கும் போனார்கள், பதக்கமும் பெற்றார்கள். ‘வெள்ளைக்காரன் டாங்கி ரெஜிமெண்டில் இருந்தார்’ என்ற பேச்சு அவர்கள் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை. தாத்தா டாங்கிக்குள் உட்காரவில்லை, அதன் எஞ்சினைக் கழற்றி மாட்டினார், அல்லது அதன் ஆட்களுக்குச் சோறாக்கினார் என்று தெரியவந்தால் பேரப்பிள்ளைகள் முகம் வாடக் கூடாது. அந்த வேலை இல்லாமல் இம்பால் வெற்றியும் இல்லை, பர்மாவில் மெய்க்டிலா வெற்றியும் இல்லை.

ஆகவே போரின் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். தேட வேண்டியவை மூன்று: அவருடைய பட்டாள எண், பதிவான பெயர், படைப்பிரிவு. இந்த மூன்றும் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம், சம்பளப் புத்தகம், பழைய கடித உறை, மணியார்டர் துண்டு என எதையும் குப்பையில் சேர்க்காதீர்கள். காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் விரிக்க முயலாமல், விரிந்திருக்கும் வரையில் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பசை நாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். போர்க்காலக் கடித உறையில் ஊர்ப்பெயர் இருக்காது. படைப்பிரிவின் பெயரும் களத் தபால் நிலைய எண்ணும்தான் இருக்கும். அந்த முத்திரை எண்ணைக் கொண்டு எந்தக் காலத்தில் எந்த இடத்தில் அந்தத் தபால் நிலையம் இயங்கியது என்று சொல்லக்கூடிய தபால்தலை ஆர்வலர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஒரு முத்திரை, ஒரு தேதி போதும்; தாத்தா அன்று எந்த நாட்டில் இருந்தார் என்பது தெரிந்துவிடும்.

பதக்கம் இருந்தால் அதுவே பெரிய சான்று. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வட்டமான பதக்கத்தின் விளிம்பைச் சுற்றியும், ஆறு முனை வெண்கல நட்சத்திரத்தின் பின்பக்கத்திலும் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்தப் போரின் நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள்; இந்தியப் படையினரின் பதக்கங்களிலோ எண், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுங்கள், தெரியும். நட்சத்திரத்தின் நடுவிலேயே எந்தப் போர்க்களம் என்று எழுதியிருக்கும்: பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார். பர்மா ஸ்டார் என்றால் அவர் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் அந்தக் களத்துக்குள் கால் வைத்திருக்கிறார் என்று பொருள். 1939-45 இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்தால், பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர் என்று கொள்ளலாம். பதக்கம் தொலைந்து ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தாலும் வீசிவிடாதீர்கள். பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் இத்தாலியைச் சொல்லும். மணல் நிறம் ஆப்பிரிக்காவைச் சொல்லும்.

புகைப்படத்தில் முகத்தை மட்டும் பார்க்காமல் தோளையும் தொப்பியையும் பாருங்கள். தோளில் சிவப்புக் கழுகு 4ஆம் இந்திய டிவிஷனின் சின்னம். அது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. கறுப்புப் பூனை 17ஆம் டிவிஷன். அது பர்மாவில் பின்வாங்கி, 1945இல் மெய்க்டிலாவுக்குத் திரும்பி வந்த படை. கறுப்பு பெரே தொப்பி கவசப் படையோடு தொடர்புள்ளது. பதவியின் பெயரும் வழி காட்டும். குதிரைப்படை வழிவந்த கவச ரெஜிமெண்டில் சவார், டபேதார், ஜமேதார், ரிசல்தார் என்று ஏறுவார்கள். மற்ற பிரிவுகளில் நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார். தாத்தா ‘சுபேதார்’ என்று வீட்டில் உறுதியாகச் சொன்னால் அவர் கவச ரெஜிமெண்டில் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவுகட்டி, சாப்பர்ஸ், சர்வீஸ் கோர் பக்கம் தேடலாம்.

காகிதம் எதுவும் இல்லாத வீட்டில் பெரியவர்களிடம்தான் போக வேண்டும். ‘தாத்தா எந்த ரெஜிமெண்ட்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘ஆயா, தாத்தா எந்த ஊர்ல இருந்து ரயிலேறினாரு? கப்பல்ல போனேன்னு சொல்லியிருக்காரா? கூட இருந்தவங்க யாராச்சும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா? லீவுல வந்தா என்ன கொண்டாருவாரு?’ என்று கேளுங்கள். ஆயா சொல்லும் ஊர்ப்பெயர்களை அவர் உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘மணிப்பூர் ரோடு’ என்றால் அது டிமாப்பூர் ரயில் நிலையத்தின் அன்றைய பெயர். இம்பாலுக்குப் போன படையெல்லாம் இறங்கிய இடம். ‘பசரா’ என்றால் ஈராக்கின் பாஸ்ரா. அகமத்நகர், பாபினா என்றால் டாங்கிப் பயிற்சி. காட்கி என்றால் கவச வாகனக் கிடங்கோ வெடிபொருள் வேலையோ. ஜலஹள்ளி, தியோலாலி எல்லாம் வழியில் தங்கும் முகாம்கள். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பெயர் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஆள்சேர்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். இனிஷியல் இல்லாமல் அப்பா பெயர் தனியாக இருக்கும், சாதிப் பெயரோ மதமோ பெயரோடு ஒட்டியும் இருக்கலாம். ஊரும் அன்றைய கணக்கில்தான் இருக்கும். அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் உருவானது. விண்ணப்பத்தில் பழைய ஜில்லா, பழைய தாலுகா, கிராமம், தபால் நிலையம் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் பதிவேட்டில் அப்பா பெயரும் கிராமமும்தான் உங்கள் தாத்தாவைத் தனித்துக் காட்டும்.

இனி எங்கே எழுதுவது? இந்தியப் படையின் சாதாரண வீரர்களின் பணி ஆவணங்கள் லண்டனில் இல்லை. பலர் அங்கே எழுதிக் காத்திருந்து காலத்தைத் தொலைக்கிறார்கள். அவை இந்தியாவிலேயே, அந்தந்தப் பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் பொறுப்பில் இருந்தவை. கவசப் படைக்கு அகமத்நகர். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் சர்வீஸ் கோரின் தெற்குப் பிரிவுக்கும் உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோருக்கும் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன். ஈ.எம்.இ.க்கும் ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் படைக்கு லக்னோ. எந்தப் பிரிவு என்று இரண்டு மூன்று சந்தேகம் இருந்தால் எல்லா இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பட்டாள எண், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களும், அப்பா பெயர், கிராமம், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு ஆகியவற்றை எழுதி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பதக்கத்தின் படம் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அவருடைய ‘சீட் ரோல்’. சேர்ந்த நாளில் எழுதிய உயரம், மச்ச அடையாளம், ஊர், நெருங்கிய உறவினர் பெயர் முதற்கொண்டு, பிறகு நடந்த மாற்றங்களும் பதவி உயர்வும் அதில் இருக்கும்.

ஆனால் ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்து 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் பதில் வந்ததும் பலர் கையை உதறிவிடுகிறார்கள். அங்கே நிற்கக் கூடாது. ‘லாங் ரோல்’ என்று ஒரு பேரேடு இருக்கிறது. அது நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு ஆளுக்கும் அதில் சுருக்கமான பதிவு உண்டு: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். ஆகவே முதல் கடிதத்திலேயே ‘சீட் ரோல் இல்லையென்றால் லாங் ரோல் பதிவின் நகலைத் தரவும்’ என்று எழுதிவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இதுதான். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, ராணுவத்தின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம்; இணையத்திலும் முடியும். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுப்பதைத் தவிர்க்க, வாரிசுச் சான்றை இதனோடும் இணையுங்கள்.

ரெக்கார்டு ஆபீஸை விட்டால் அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது, பலருக்கு நினைவுக்கே வருவதில்லை: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி வழங்கி வந்திருக்கிறது. தாத்தாவோ ஆயாவோ அதைப் பெற்றிருந்தால், விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டின் நகலைக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் கரையான் அரித்த காகிதம் அந்தக் கோப்பில் முழுசாக இருக்கலாம். எந்த மாவட்டம் என்பதில் மட்டும் கவனம் தேவை. 1997க்கு முந்தைய கோப்பு பழைய செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் இருக்கும். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாறியதால், இடைப்பட்ட கோப்பு திருவள்ளூரில் இருக்கக்கூடும். உதவி பெற்ற பாஸ் புத்தகமோ அடையாள அட்டையோ இருந்தால் அதில் உள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள்.

படைப்பிரிவின் பெயர் உறுதியானதும் தேடல் வேறு நிலைக்குப் போகிறது. ஒவ்வொரு பிரிவும் போர்க்களத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. இன்று எங்கே முகாம், எத்தனை மைல் நகர்ந்தோம், எத்தனை பேர் காயம், என்ன மழை என்பதெல்லாம் அதில் உண்டு. சாதாரண வீரரின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அவர் எந்த நாளில் எங்கே தூங்கினார் என்பது வரும். இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும், லண்டன் அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்திலும் இவற்றைத் தேட வேண்டும். கியூவில் தென்கிழக்கு ஆசியக் களத்து நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையிலும், மத்திய கிழக்கினுடையவை டபிள்யூ.ஓ. 169 வரிசையிலும் இருக்கின்றன. தாத்தாவின் பட்டறை எந்த டாங்கிப் பிரிகேடோடு இணைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தால், அந்தப் பிரிகேடின் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளின் நாட்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். 1944 ஏப்ரல் 13இல் இம்பால் அருகே நுன்ஷிகும் குன்றின் மேல் காரபினியர்ஸின் லீ டாங்கிகள் ஏறின. 1/17 டோக்ரா படையினர் கூடவே ஏறினார்கள். டாங்கிப் படை அதிகாரிகள் எல்லோரும் விழுந்த பிறகு சார்ஜெண்ட் மேஜர் ஒருவர் தலைமையேற்று முடித்தார். மேலே ஏறிய டாங்கிகளுக்குக் கீழே யார் எண்ணெய் ஊற்றினார்கள் என்பதை ரெஜிமெண்டின் குறிப்பு சொல்லாது. பட்டறை, சப்ளை கம்பெனிகளின் குறிப்புதான் சொல்லும். இரண்டையும் தேதி வாரியாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

தாத்தா ஆங்கிலோ இந்தியராக இருந்து உண்மையிலேயே பிரிட்டிஷ் ரெஜிமெண்டில் சேர்ந்திருந்தால், அவருடைய பணி ஆவணத்துக்கு பிரிட்டனுக்குத்தான் எழுத வேண்டும். அங்கே பாதுகாப்பு அமைச்சகம் வைத்திருந்த ஆவணங்கள் 2022 முதல் கியூ காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. இறப்புச் சான்றும் பிறந்த தேதியும் கட்டாயம் கேட்பார்கள். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பூந்தமல்லி பழைய கண்டோன்மெண்ட், பரங்கிமலையும் அப்படியே. இத்தகைய இடங்களின் தேவாலயங்களில் பதிவான ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை அன்று லண்டனுக்கு அனுப்பினார்கள்; மதராஸ் மாகாணத்துக்குரியவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்.2 என்ற வரிசையில் உள்ளன. டாங்கி ரெஜிமெண்டுகளைப் பற்றிய கூடுதல் செய்திக்கு டார்செட்டில் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் காப்பகத்துக்கு எழுதலாம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிடிபட்டவர் என்றால் பாதை பிரிகிறது. அவர் போர்க்கைதியாகவே இருந்திருக்கலாம், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். பின்னது என்றால் தியாகி ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள்; அதற்காக அவர் கொடுத்த வாக்குமூலத்தில் முந்தைய படைப்பிரிவின் பெயரும் இருக்கும்.

போரிலிருந்து திரும்பாதவர்களைத் தேடுவதுதான் இருப்பதில் எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயர், எண், பிரிவு எதைக் கொண்டும் கட்டணமில்லாமல் தேடலாம். ரங்கூனை அடுத்த தாவ்க்யான் கல்லறையின் நினைவுத்தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் இருக்கின்றன. கல்லறை தெரியாதவர்கள் அவர்கள். சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000க்கு மேல். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கு இம்பாலில் தனி நினைவிடம் உண்டு. நம் பக்கத்திலேயே மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்து, பராமரிக்க வழியில்லாத கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக 1952இல் அதை அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் 850க்கு மேற்பட்ட வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருமுறை போய் கற்களைப் படித்துப் பாருங்கள். படைப்பிரிவுகளின் சின்னங்களும் பெயர் எழுதும் முறையும் பிடிபடும். பிறகு இணையத்தில் தேடுவது எளிதாகும்.

ஆணையத்தின் பட்டியலில் தாத்தாவின் பெயர் தவறாக இருந்தாலோ, ‘சன் ஆஃப்’ என்ற இடத்தில் கிராமத்தின் பெயர் உருத்தெரியாமல் இருந்தாலோ ஆணையத்துக்கே எழுதுங்கள். லாங் ரோல் நகல், பதக்கத்தின் விளிம்புப் படம் போன்ற அந்தக் காலத்து ஆதாரம் இருந்தால் திருத்தத்தைப் பரிசீலிப்பார்கள். வாய்மொழிச் செய்தி மட்டும் போதாது. கடிதத்தில் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதி அனுப்புங்கள்.